கந்தவேல் ஏறிப்போன நாள்

யுத்தத்தால் நூலுக்குக் கூப்பன் வந்த இரண்டாவது வருஷம் அது. குமாரபாளையத்தில் வாரத்துக்கு மூன்று நாள் தறிச் சத்தம் கேட்டால் பெரிது. மற்ற நாட்களில் தெரு காதடைத்த மாதிரி கிடக்கும். நாச்சிமுத்து அந்த நாட்களிலும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். முப்பத்தைந்து வருஷமாக உட்கார்ந்த இடம். வேறெங்கே உட்காருவதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தந்தி வந்தது. தபால்காரர் கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டை வாங்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்த முத்தாயம்மாள் துடுப்புக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்த மருமகள் பூவாத்தாளின் கை நின்றது.

"என்னங்க அது?" என்றாள் முத்தாயம்மாள்.

"இங்கிலீசுல இருக்குது. வாத்தியாருகிட்டப் போயிட்டு வாரேன்" என்றார் நாச்சிமுத்து.

ராசப்பன் வாத்தியார் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் நின்றபடியே அதைப் படித்தார். ஒரு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"உங்க பையன் போன ஏரோப்ளேனு திரும்பி வல்லீங்களாம். பையனக் காணோம்னு போட்டிருக்குதுங்க."

"காணோமா?"

"ஆமாங்க. காணோம்னுதான்."

"செத்துப்போயிட்டான்னு எழுதலீங்களே?"

"அப்புடி எழுதலீங்க" என்ற வாத்தியார், அவர் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்து நீட்டினார்.

கந்தவேல் நாச்சிமுத்துவுக்கு ஒரே மகன். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தறியில் கால் பதியவில்லை. பவானியில் ஒரு நெல் மில்லில் எண்ணெய் இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டால் போதும், சோறு தண்ணி மறந்துவிடும். அந்த மில்லிலேயே வேலைக்குச் சேர்ந்து இஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டான். நூல் கிடைக்காமல் போய் வீட்டில் இரண்டு வேளைக் களி ஒரு வேளையானபோது, ஏரோப்ளேன் பட்டாளத்துக்கு இஞ்சின் வேலை தெரிந்த ஆட்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சேலத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கல்யாணமாகி அப்போது நாலு மாதம். "சுடறது எல்லாம் வேற ஆளுங்கப்பா. நமக்கு ரிப்பேரு வேலதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். நடுவில் ஒரு தரம் பங்குனியில் லீவில் வந்து பன்னிரண்டு நாள் இருந்தான். அத்தோடு சரி.

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் முத்தாயம்மாள் அழவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு.

"காணோம்னா என்னங்க அர்த்தம்? ஆடா மாடா, காணாமப் போறதுக்கு? ஆளக் கூட்டிட்டுப் போனவிய அவிய. தேடிக் குடுக்க வேண்டியதும் அவியதான்."

"தேடுவாங்க."

"தேடட்டும். எங்கயாச்சும் காட்டுல கீட்டுல எறங்கியிருப்பான். கால்நடையா வரோணுமில்ல, நாளாவும்."

அன்றிலிருந்து அவள் அதையே பிடித்துக்கொண்டாள். செங்கோட்டு மலைக்கு நடந்து வந்து படி பூசை செய்வதாக வேண்டிக்கொண்டாள். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்த யாரோ ஒரு செட்டியாரின் கதையைச் சந்தையில் கேட்டுவந்து, எல்லோரிடமும் சொன்னாள்.  பூவாத்தாள் தார் சுற்ற நூல் இருந்தால் சுற்றினாள். இல்லாவிட்டால் ஆற்றுக்குப் போய்த் துணி துவைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் எந்த வேலையிலிருந்தாலும் எழுந்து நின்றுவிடுவாள். மணி அடித்த சைக்கிள் தெருமுனை தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்காருவாள்.

கார்த்திகையில் எதிர்வீட்டு உண்ணாமலையின் மகளுக்கு வளைகாப்பு. முத்தாயம்மாளே மருமகளுக்குத் தலைவாரிப் பூ வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். உண்ணாமலை குங்குமத் தட்டை ஒவ்வொருத்திக்காக நீட்டிக்கொண்டு வந்தாள். பூவாத்தாளிடம் வந்ததும் தட்டு நின்றது. நீட்டுவதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை. கொல்லைப்பக்கம் யாரோ கூப்பிட்ட மாதிரி "இதா வாரேன்" என்று தானாகவே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கெட்ட எண்ணம் பிடித்தவள் இல்லை உண்ணாமலை. சாயங்காலம் ஒரு போசி நிறையக் கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "என்னமோ அந்நேரத்துக்கு எனக்கு ஒண்ணும் ஓடல கண்ணு. மனசுல வெச்சுக்காத" என்று பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அதுக்கென்னங்கக்கா" என்றாள் பூவாத்தாள். அந்தச் சோற்றை அவள் தொடவில்லை.

தை மாதம் பனி விலகாத ஒரு காலையில் குமாரசாமி வந்தான். காக்கிச் சட்டை, தோளில் கித்தான் பை, முகமெல்லாம் வெயில் தின்று கறுத்திருந்தது. மல்லசமுத்திரத்துக்காரன். கந்தவேலோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்தவன். கந்தவேலின் கடிதங்களில் அவன் பெயர் எப்போதும் இருக்கும். அதனால் பெயரைச் சொன்ன உடனே முத்தாயம்மாள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"நீதானா சாமி குமாரசாமி? வா, வா. எம் பையன் எங்க?"

அவன் நாச்சிமுத்துவைப் பார்த்தான்.

"வந்த ஆள மொதல்ல உக்காரச் சொல்லு" என்றார் அவர்.

களியும் கொள்ளுப்பருப்பும் போட்டாள் முத்தாயம்மாள். அவன் இரண்டு உருண்டைக்குமேல் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தான். பூவாத்தாள் நிலவுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது.

"அந்தக் கரை நம்மூராட்ட இல்லீங்க பெரியப்பா" என்று ஆரம்பித்தான் குமாரசாமி. "அரக்கான்னு சொல்லுவாங்க. மண்ணே இல்லீங்க, முச்சூடும் சேறு. கடலு எங்க முடியுது, ஆறு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. தண்ணிக்குள்ளயே காடு மொளச்சிருக்கும். நடுவுல மேடாக் கொஞ்சம் எடம் பாத்து, மூங்கிலப் போட்டு, அதுமேல இரும்புத் தட்டப் பரப்பி ஏரோப்ளேனு எறங்கறதுக்கு வழி பண்ணியிருந்தாங்க. வைகாசி கடசியில மழ புடிச்சா ஐப்பசி வரைக்கும் உடாதுங்க. நம்மூர்ல ஒரு வருசத்துக்குப் பேயிறது அங்க ஒரு வாரத்துல பேஞ்சிரும்."

"அந்த மழையிலயா ஏரோப்ளேன உடுவாங்க?" என்றார் நாச்சிமுத்து.

"சண்டைக்கு மழையேதுங்க? போன மழைக்கு மட்டும் எங்க எடத்துலருந்து ஏழு ஏரோப்ளேனு போச்சுதுங்க. எதிரி சுட்டு உழுந்தது ரெண்டுதான். மத்ததெல்லாம் மேகந்தான். உள்ள போவும், சத்தம் கேக்கும். சத்தம் நின்னு போவும். நாங்க கீழ நின்னு எண்ணிட்டே இருப்போமுங்க. மூணு போயிருந்தா மூணு வரோணும். ரெண்டு வந்துட்டு ஒண்ணு வல்லீன்னா ஆரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எண்ணெய் தீர்ற நேரம் வரைக்கும் பாத்துட்டு, அவனவன் வேலைக்குப் போயிருவோம்."

முத்தாயம்மாளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "எம் பையன் எப்புடிப் போனான், அதச் சொல்லு" என்றாள்.

"கரையோரமா இன்னுமொரு எடத்துல ஒரு ஏரோப்ளேனு இஞ்சின் ரிப்பேராகி நின்னுபோச்சுங்க பெரியம்மா. அதப் பாக்க ஆள் வேணும்னாங்க. கந்தவேலத் தாட்டி உட்டாங்க. நாலு பேரு போனாங்க. ஆடி பதினொண்ணு, செவ்வாக்கெழம, வெடிஞ்சும் வெடியாத நேரம். மழ சித்த உட்டிருந்துச்சு. ஏறறப்ப என்னப் பாத்துக் கைய ஆட்டுனான். பொழுதோட வந்தர்றேன்னான்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "அவன் ஏறுன ஏரோப்ளேனுக்கு மொத நாளு நானும் அவனுந்தான் இஞ்சின் பூட்டுனோமுங்க. நல்லாத்தான் பூட்டுனோம். ஒவ்வொரு திருகா நெனச்சுப் பாத்துட்டேன்" என்றான். 

"அப்பறம்?"

"ஒம்பது நாளைக்கப்பறம், தெக்கால ஒரு தீவுல மீன் புடிக்கிறவிய ஒரு ஒடம்பப் பாத்திருக்காங்க. சதுப்புல ஒதுங்கிக் கெடந்திருக்குது. பாக்கறாப்ல இல்லையாம். அவியளே பொதைச்சுட்டு, இடுப்புல கட்டியிருந்த துணிய மட்டும் அவுத்து எங்க ஆபீசருகிட்டக் கொண்டாந்து குடுத்தாங்க. நாலு பேருல அது ஆருன்னு தெரியல. ஒரு துண்ட வெச்சு ஆருன்னு எழுதறதுன்னுட்டாரு ஆபீசரு. அதனால நாலு பேரும் காணோம்னே இருக்குதுங்க."

அவன் பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்ததை எடுத்துப் பிரித்தான்.

"கந்தவேலு இதாட்டம் ஒண்ணு வெச்சிருந்தாப்ல. மேல போனா குளுருதுன்னு வயித்தச் சுத்திக் கட்டிக்குவாப்ல. ஆனா நெசவுத்துண்டு இன்னும் ரெண்டு மூணு பேருகிட்ட இருந்துச்சுங்க. எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல. உங்க தறி எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு கேட்டு வாங்கியாந்தேன்."

நாச்சிமுத்து அதைக் கையில் வாங்கினார். உப்பேறி விறைத்துப்போன துண்டு. வெள்ளை பழுத்துச் சேற்று நிறமாகியிருந்தது. ஒரு தலைப்பில் மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை. அடுத்த தலைப்பைப் பிரித்தார். ஒன்றரை விரலுக்குத்தான் சிவப்பு. மிச்சம் காவி.

பங்குனியில் மகன் லீவு முடிந்து கிளம்புகிற அன்றைக்கு முதல் நாள் நெய்தது. சிவப்பு நூல் பாதியில் தீர்ந்துபோய்விட்டது. கூப்பனுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. பழைய சேலை ஒன்றுக்கு வாங்கி மிஞ்சிய காவி நூலை எடுத்து, பட்டையை ஒப்பேற்றினார். "என்னப்பா இது, மொகம் ஒண்ணு கழுத்து ஒண்ணுன்னு இருக்குது" என்று கந்தவேல் சிரித்தான். "அங்க உன்ற துண்ட ஆரு பாக்கப் போறா?" என்று அவரும் சிரித்தார்.

துண்டை மடித்தார். ஒருமுறைக்கு இரண்டு முறை நிதானமாக மடித்தார்.  கதவுக்குப் பின்னாலிருந்த சேலைத் தலைப்பு அசையவில்லை.

"இது நம்முது இல்லீங்க" என்றார்.

முத்தாயம்மாள் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள். "நாஞ் சொன்னேனே! எம் பையன் எங்கயோ இருக்கறான்னு நாஞ் சொன்னேனே! பாவம், ஆரு பெத்த புள்ளையோ இது" என்றாள். அப்படியே அடுப்படிக்குப் போய், வந்த ஒறம்பரைக்கு மோர் கரைக்க ஆரம்பித்தாள்.

பஸ்ஸுக்கு வழியனுப்ப நாச்சிமுத்து கூடவே நடந்தார். கரியில் ஓடுகிற பஸ். எப்போது வரும் என்று சொல்லமுடியாது. ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள்.  பிறகு நாச்சிமுத்து கேட்டார்:

"நல்லா ஆழமாத்தான் குழி வெட்டுனாங்களா?"

குமாரசாமி திரும்பிப் பார்த்தான். "ஏனுங்க பெரியப்பா, உங்குளுது இல்லீன்னு சொன்னீங்களே."

"எம் மருமவளுக்கு இருவது வயசு சாமி."

குமாரசாமி பையைக் கீழே வைத்தான்.

"நா போய்ப் பாத்தேனுங்க. லீவு கேட்டு, அந்த மீன் புடிக்கிறவிய படகுலயே போனேன். நல்ல மேட்டு எடம், அல வந்தாலும் எட்டாது. சுத்தி மூங்கில் நட்டிருக்காங்க. அந்த ஊட்டுப் பொம்பளைங்க சோறு கொண்டாந்து வெக்கறாங்க. ஆரு என்னன்னு தெரியாத ஆளுக்கு."

"தலைய எந்தப் பக்கம் வெச்சாங்க?"

"கடலப் பாத்தாப்லிங்க."

"அப்ப மேக்கால பாத்து."

"ஆமாங்க. நம்ம திக்கந்தான்."

நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். தூரத்தில் பஸ்ஸின் புகை தெரிந்தது. "அந்தத் துண்டக் குடுத்துட்டுப் போ" என்று கையை நீட்டினார். செய்தித்தாளோடு வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பஸ்ஸில் ஏறிய குமாரசாமி படியில் நின்றபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

துண்டைத் தறிக்குழிக்குள், மிதிக்கட்டைக்குப் பின்னால் மண்சுவரில் குடைந்திருந்த பிறையில் வைத்தார். அங்கே அவரைத் தவிர யாரும் இறங்குவதில்லை. அடுத்த பத்து நாளும் அவர் தறியில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போனது. முத்தாயம்மாள் முன்னைக்காட்டிலும் தெம்பாக இருந்தாள். மகன் வந்தால் போடுவதற்கென்று கடையில் கெஞ்சிக் கொஞ்சம் பச்சரிசி வாங்கிவைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எழுந்து ஆற்றுப்பக்கம் போய்விடுவார்.

பதினோராம் நாள் முத்தாயம்மாள் சந்தைக்குப் போயிருந்தபோது, பூவாத்தாள் தறியோரம் வந்து நின்றாள். மாமனார் முன்னால் அப்படி வந்து நிற்கிற பழக்கமில்லை அவளுக்கு.

"அந்தக் காவி நூலு தாரு நாந்தானுங்க மாமா சுத்துனேன்" என்றாள்.

நாச்சிமுத்து நூல் ஓட்ட எடுத்த நாடாவைக் கீழே வைத்தார்.

"அவரு பையத் தொறந்தப்பவே பாத்துட்டேனுங்க. நீங்க இல்லீன்னு சொல்லவும், நாந்தான் தப்பாப் பாத்துட்டனோன்னு பத்து நாளா எம் மனசத் தேத்தப் பாத்தேன். முடியலீங்க."

"பூவா..."

"ஏன் மாமா அப்புடிச் சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நம்முதுன்னு ஒரு வார்த்த சொன்னா, நாலு பொம்பளைங்க வந்து உன்ன நடுவுல உக்கார வெச்சு, வளையல ஒடச்சு, பொட்ட அழிச்சு... எங்கக்காளுக்குப் பண்ணுனத நாஞ் சின்னப் பையனாப் பாத்தவன். அதுக்கப்பறம் அவ நாப்பது வருசம் இருந்தா. ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால நின்னதில்ல. என்னால அது முடியாது சாமி. காணோம்னே இருந்துட்டுப் போவட்டும். நீ பூ வெச்சுக்க, பொட்டு வெச்சுக்க."

"காணோம்னு இருந்தா மட்டும் நாலு பேரு என்ன நல்ல காரியத்துக்குக் கூப்புடறாங்களா மாமா? தட்டுல இருக்கற குங்குமம் எங்கிட்ட வந்து நின்னு போச்சுதுங்க." அவள் குரல் உயரவில்லை. "ஆறு மாசமா சைக்கிள் மணி கேட்டா எந்திரிச்சு நிக்கறேன். அத்த பச்சரிசி வாங்கி வெச்சிருக்காங்க. இன்னும் எத்தன வருசத்துக்கு நாங்க ரெண்டு பேரும் நிக்கோணும், சொல்லுங்க? அவிய செத்துப்போயிட்டாங்கன்னா நா அழுகோணுமுங்க. அழுகறதுக்குக்கூட உடமாட்டீங்கறீங்களே."

நாச்சிமுத்து குழிக்குள் குனிந்து, பிறையிலிருந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு, தறியோரத்திலேயே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். ஆறு மாதத்து அழுகை. சத்தமே இல்லாமல் ஆரம்பித்தது. அப்புறம் தெருவே கேட்டது.

சந்தையிலிருந்து வந்த முத்தாயம்மாள் கூடையோடு வாசலில் நின்றாள். மருமகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கூடையை இறக்கிவிட்டு வந்து, பூவாத்தாளின் கையிலிருந்த துண்டை விடுவித்து, இரண்டு தலைப்பையும் பிரித்துப் பார்த்தாள். காவிப் பட்டைமேல் விரலை வைத்துத் தடவினாள்.

"நம்முது இல்லீன்னீங்களே" என்றாள் புருஷனிடம்.

அவர் தலை நிமிரவில்லை.

"கண்ணால பாத்துட்டா அப்புடிச் சொன்னீங்க?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன்."

அவள் ஏசவில்லை. மருமகளை இழுத்து மடியில் கிடத்திக்கொண்டாள். "எஞ் சாமி, எஞ் சாமி" என்று அவள் போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டு உண்ணாமலை ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் தெரு வந்தது.

தெருவில் இருந்த பெரியவர்கள் முறையைப் பேசினார்கள். பதினாறாம் நாள் இன்னது, வாசலில் இன்னது என்றார்கள். முத்தாயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சாங்கியம் எதையும் விட்டுக்கொடுக்காதவள் அவள். தை வெள்ளிக்கு ஒரு பொழுது, ஆடிக்கு ஒரு படையல் என்று வாழ்ந்தவள். கடைசியில், "பையனுக்குப் பண்ண வேண்டியத நாங்க ஆத்துல பண்ணிக்கறோமுங்க. எம் மருமவள ஆரும் தொட வேண்டாம். அவளுக்கு என்ன தோணுதோ அத அவளே பண்ணிக்கட்டும்" என்றாள். யாரோ மறுத்துப் பேச வாயெடுத்தார்கள். "பெத்தவ நாஞ் சொல்றேன்" என்றாள். 

மூன்று பேரும் பரிசலில் ஆற்றைக் கடந்து பவானிக் கூடுதுறைக்குப் போனார்கள். மாசி மாதத்துத் தண்ணீர் தெளிந்து, அடிக்கூழாங்கல் தெரிய ஓடியது. ஐயர் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, இறந்த திதி என்ன என்று கேட்டார்.

 அதை நாச்சிமுத்து யோசித்தே பார்த்திருக்கவில்லை. "ஒடம்பு கெடச்சது ஒம்பதாம் நாளுங்க. அதுக்கு முன்னால எப்பன்னு..." என்று இழுத்தார். "ஏரோப்ளேனு எப்ப உழுந்துச்சுன்னே ஆருக்கும் தெரியாதுங்க சாமி. உழுந்தப்பறம் எத்தன நாளு தண்ணியில உசுரோட..."  முத்தாயம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அவிய ஏறிப் போன நாளையே வெச்சுக்குங்க" என்றாள் பூவாத்தாள். "ஆடி பதினொண்ணு, செவ்வாக்கெழம. அதுவரைக்கும் நமக்குத் தெரியும். கைய ஆட்டிட்டுப் போனாங்கன்னு பாத்தவரு சொன்னாரு. அதுக்கப்பறம் நடந்தது நமக்கு வேண்டாமுங்க."

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அந்த நாளையே சொல்லி மந்திரத்தை ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்த பிறகு பூவாத்தாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். எழுந்தபோது நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைத் தலைவழியாக அவளே கழற்றி மாமியார் கையில் வைத்தாள். வளையலைத் தொடவில்லை. "இது அவிய லீவுல வந்தப்ப வாங்கிக் குடுத்ததுங்கத்த. இருக்கட்டும்" என்றாள். பார்க்கவே முடியாது என்று நாச்சிமுத்து நினைத்திருந்ததை அவர் கண் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உயிர் போய்விடவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

"சீலைய மாத்த வேண்டாம். இந்தப் பச்சச் சீலையோடயே ஊட்டுக்கு வா. எவளாச்சும் கேட்டா நாம் பேசிக்கறேன்" என்றாள் முத்தாயம்மாள்.

திரும்புகையில் பரிசல் நடு ஆற்றில் இருக்கும்போது மேற்கே சத்தம் கேட்டது. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து ஒரு ஏரோப்ளேன் வந்துகொண்டிருந்தது. பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். இவர்களுடைய விஷயம் அவருக்குத் தெரியாது.

முத்தாயம்மாளும் நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை அவள் ஏரோப்ளேனை நின்று பார்த்ததில்லை.

"உள்ள எத்தன பேரு இருப்பாங்க?" என்றாள்.

"தெரியலியே" என்றார் நாச்சிமுத்து.

"நாலு பேரு இருக்குமுங்களா?"

"இருக்கும்."

அது அவர்கள் தலைக்கு மேலே வந்து, கிழக்கே, கடல் இருக்கிற திக்கில் போனது. முத்தாயம்மாள் ஆடுகிற பரிசலில் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆரூட்டுப் பசங்களோ. பத்தரமா எறங்கோணும் சாமி" என்று ஈரக் கையைக் கூப்பினாள். சத்தம் முழுக்கத் தேய்ந்து போகிறவரைக்கும், உட்காரச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிடவில்லை.